அட்டைக்குள் மடித்த இரண்டு சைக்கிள்கள்

காலை ஐந்து மணி இருபது நிமிடம். வாசல் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பாட்டிலின் படம். கருநீல மையில் அச்சிட்ட பாட்டில். அதன் கீழே 180 மி.லி., ஒரு பெருக்கல் குறி, 48. அதற்கும் கீழே சிறிய ஆங்கில எழுத்தில், புதுச்சேரி மாநிலத்தில் மட்டும் விற்பனைக்கு என்று இருந்தது. தெருவிளக்கு அணையவில்லை. எல்லா எழுத்தையும் படிக்க முடிந்தது.

பிராந்திப் பெட்டிகளைப் பிரித்து, விரித்து, பழுப்பு டேப்பால் ஒன்றோடு ஒன்று ஒட்டி, அத்தான் இரண்டு பெரிய பொட்டலங்கள் செய்திருந்தார். அவை அவருடைய காரின் பின்னால் மாட்டியிருந்த சின்ன டிரெய்லரில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. தெருவைப் பார்த்த பக்கத்தில் மட்டும் பதினோரு பாட்டில் படங்கள். எண்ணினேன். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் காரைக்காலின் தெற்கு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போக வேண்டும். எல்லையில் மதுவிலக்கு போலீஸ் செக்போஸ்ட் இருந்தது.

அத்தானிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

காரைக்காலில் அந்த அட்டையை யாரும் படிப்பதில்லை. எங்கள் ஊரில் தடிமனான அட்டை என்றால் அது ஒன்றுதான். வீடு மாறுகிறவர்கள் பாத்திரத்தை அதில்தான் கட்டுவார்கள். பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டுகள் அதில் இருக்கும். எங்கள் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்கள், சூசையப்பர் உட்பட, பதினொரு மாதம் ரம் பெட்டியில் வைக்கோலுக்குள் படுத்திருப்பார்கள். அட்டையில் இருப்பது எங்களுக்கு எழுத்தே இல்லை, அட்டையின் நிறம் மாதிரி. எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத்தான் அது எழுத்து. நான் பதினேழு வருடம் வெளியூரில் ஒரு நாளிதழின் மேஜையில் உட்கார்ந்து, மற்றவர்கள் தாண்டிப் போகும் வரிகளைப் படித்துச் சம்பளம் வாங்கியவன். திரும்பி வந்த பிறகு ஊரிலிருந்தே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதனால் படித்தேன்.

இது சுனாமிக்குப் பிறகு நான்காவது ஆண்டு, பொங்கல் முடிந்த வாரம்.

அத்தான் என் அக்காவின் கணவர். பிரான்சில் முப்பது வருடம் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்காவோடு ஊருக்குத் திரும்பியபோது கப்பலில் வந்த சாமான்களில் இரண்டு மடக்கு சைக்கிள்கள் இருந்தன. பேட்டரியில் ஓடுபவை. நடுவில் ஒரு கீலில் இரண்டாக மடியும். பெடலை லேசாக மிதித்தால் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு பேட்டரிக்கு முப்பது கிலோமீட்டர். அத்தானுடையது கறுப்பு, அக்காவுடையது கருஞ்சிவப்பு. அவர் சைக்கிளை வெலோ என்பார், டிரெய்லரை ரெமோர்க் என்பார். யாராவது வேறு பெயரில் சொன்னால் நிறுத்தித் திருத்துவார்.

ரெமோர்க் போலகத்தில் ஒரு பட்டறையில் செய்தது. ஒரே அச்சு, இரண்டு ஸ்கூட்டர் சக்கரம், ஐந்தடிக்கு நாலடி இரும்புத் தட்டு. அத்தான் கையில் வரைபடத்துடன் மூன்று நாள் பட்டறையில் நின்றார். தெருவில் அதை மீன் வண்டி என்றார்கள். அதில் கூடாரம், ஸ்டவ், மடக்கு நாற்காலி, வெலோ எல்லாம் ஏற்றிக்கொண்டு கடலோரத்தில் போய் இரண்டு நாள் இருப்பது அவர் திட்டம். பிரான்சில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதும் சண்டையாங்க? கூடாரம் போட்டுப் படுக்கப் போறீங்களாமே" என்று கேட்டார். அக்கா இல்லை என்றாளாம். அது முழுக்க உண்மை இல்லை.

அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு தெரு தூரம் நடக்கலாம், அதற்கு மேல் வலி. பஸ் படி ஏற முடியாது. எங்கே போனாலும் அத்தான்தான் காரில் கொண்டுபோய் விடுவார். எப்போது திரும்புவது என்பதும் அவர் முடிவு. கோயில் வாசலில் இறக்கிவிட்டு எஞ்சினை அணைக்காமல் நிற்பார். பூசை முடிந்து இரண்டு பேரிடம் நின்று பேசினால் ஹாரன் அடிப்பார்.

சைக்கிள் வந்த வாரம் கொல்லைப்புறத்தில் அக்கா அதை ஓட்டிப் பார்த்தாள். நடக்கும்போது வருகிற வலி மிதிக்கும்போது வரவில்லை. கிணற்றைச் சுற்றி எட்டு முறை வந்தாள். இறங்கியதும் என்னிடம், "நாலு வருஷமா நான் தனியா ஒரு இடத்துக்கும் போனதில்லடா" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். யாரும் காத்திருக்காமல் ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும். அத்தான் ரோட்டில் ஓட்டக் கூடாது என்றார். பஸ், லாரி, நாய் என்று காரணம் சொன்னார். கேம்பிங் போகிற இடத்தில் மட்டும் ஓட்டலாம். ஆகவே அவள் பத்து நிமிடம் தனியாகப் போக வேண்டுமானால் அந்த சைக்கிளை நாற்பது கிலோமீட்டர் டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

முதல் பயணம் மார்கழியில், வடக்கே, தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குத் தோப்புக்கு. அத்தான் அக்காவின் சைக்கிளை அடியில் வைத்து, அதன் மேல் தன்னுடையதை வைத்து, ஒற்றைக் கயிற்றால் கட்டினார். இடையில் ஒரு கோணி கூட இல்லை. ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல். தோப்பில் இறக்கியபோது அடியில் இருந்ததன் பிரேக் பிடி வளைந்திருந்தது. பின் சக்கரத்துக்குப் போகும் மெல்லிய கேபிள் மேல் சைக்கிளின் பெடலில் சிக்கி அறுந்திருந்தது. மேலே இருந்ததில் ஒரு கீறல் இல்லை. அத்தான் அதில் மண் சாலையில் போய் வந்து போய் வந்து கொண்டிருந்தார். அக்கா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் கேபிளை இழுத்தது நான்தான் என்று அத்தான் என் மேல் பழி போட்டுக்கொண்டு வந்தார். நான் அதைத் தொடவே இல்லை.

அடுத்த முறை தன்னுடையது மேலே இருக்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். அத்தான் சரி என்றார். பிரேக்கும் கேபிளும் கும்பகோணத்திலிருந்து ஓர் ஆள் வந்து சரி செய்தார். இரண்டாம் பயணத்துக்கு முந்தின நாள், வெலோக்களை அட்டையில் சுற்றப் போகிறேன், கை கொடு என்று அத்தான் என்னைக் கூப்பிட்டார். செய்தி அனுப்ப வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டேன். அனுப்ப வேண்டிய செய்தி ஒன்றும் இல்லை.

என்னை அவர் அழைத்துப் போவதற்குக் காரணம் உறவு அல்ல. டிரெய்லரோடு காரைப் பின்னால் எடுக்க அவருக்கு வரவில்லை. எங்காவது திருப்ப வேண்டுமானால் கொக்கியைக் கழற்றி, டிரெய்லரைக் கையால் தள்ளித் திருப்பி, மறுபடி மாட்ட ஓர் ஆள் வேண்டும். வீடு எங்கள் அப்பாவுடையது. நான் மாடியில் இருந்தேன். அவர் கீழே இருந்துகொண்டு என்னைப் பேப்பர்காரர் என்பார், பேப்பர் போடுகிறவரைச் சொல்வது போல.

அந்த ஐந்து இருபதுக்கு நான் நினைத்தது இவ்வளவுதான். ஒரு அரைமணி நேரம் அவர் ஒரு போலீஸ்காரர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அக்காவை அந்த நினைப்பில் நான் சேர்க்கவில்லை.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். பேட்டரிகளைக் கழற்றி ஒரு துணிப் பையில் போட்டு அக்கா தன் பக்கத்தில் பின் சீட்டில் வைத்துக்கொண்டாள். மேலே இருப்பது தன்னுடையதுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றார் அத்தான். எங்கே போகிறோமோ அந்தத் தோப்பிலிருந்து கடற்கரை வரை ஒரு தார்ச்சாலை போவதாக அக்கா விசாரித்து வைத்திருந்தாள். மூன்று கிலோமீட்டர்.

வேகம் நாற்பதைத் தொட்டதும் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. அத்தான் பொட்டலங்களைக் கடைசியில், அச்சுக்குப் பின்னால் ஏற்றியிருந்தார். வால் கனத்தால் வண்டி ஆடும். திருமலைராயன்பட்டினத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் முன்னால் நகர்த்திக் கட்டினோம். மேல் பொட்டலத்தை நான் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். பாட்டில் படம் என் மோவாய்க்குக் கீழே இருந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம்.

டீக்கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர், "உள்ள என்னங்க, வாஷிங் மிஷினா?" என்று கேட்டார். அத்தான் வெலோ என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தார்கள். அட்டையை யாரும் படிக்கவில்லை.

செக்போஸ்ட்டில் கம்பு இறங்கியிருந்தது. மணி ஆறு ஐம்பது. இளவயது கான்ஸ்டபிள் ஒருவர் காரைத் தாண்டி நேராக டிரெய்லருக்குப் போனார். நின்று படித்தார். சாவகாசமாக அத்தானின் ஜன்னலுக்கு வந்தார்.

"எத்தனை கேஸ்?"

"என்ன கேஸ்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"உள்ள வெலோ இருக்கு."

"அது என்ன, புது பிராண்டா?"

அத்தான் காரை விட்டு இறங்கினார். இறங்கியது தப்பு, குரலை உயர்த்தியது அதைவிடத் தப்பு. தன்னை இப்படி நிறுத்தி வைக்க முடியாது, தான் பிரெஞ்சு குடிமகன் என்றார். கான்ஸ்டபிள் தார்ப்பாய் நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார்: "சார், பிரெஞ்சு பார்ட்டியாம். அப்ப ஃபாரின் சரக்காத்தான் இருக்கும்."

சப்-இன்ஸ்பெக்டர் பிரிக்கச் சொன்னார். கான்ஸ்டபிள் பாக்கெட் கத்தியை எடுத்து டேப்பில் முதல் கீறல் போட்டார். அக்கா கைத்தடியோடு இறங்கி வந்து, "பாத்துங்க தம்பி, உள்ள வயர் இருக்கு" என்றாள். அவர் கத்தியை மடக்கிப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, டேப்பை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தார். முந்தின நாள் அத்தான் அவசர அவசரமாக ஒட்டிய டேப். அதை உரிக்கக் கான்ஸ்டபிளுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

மேல் பொட்டலத்தில் இருந்தது கறுப்பு.

கீழே இருந்ததைப் பிரிக்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அத்தான், கறுப்பில் இருக்கிற மீட்டர் நசுங்கக் கூடாது, அதனால்தான் என்று யாரும் கேட்காமலே சொன்னார். சிவப்பிலும் அதே மீட்டர் இருந்தது.

கான்ஸ்டபிள் இரண்டின் குழாய்களையும் தட்டிப் பார்த்தார். சீட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். பேட்டரி ஒவ்வொன்றையும் காதருகில் வைத்துக் குலுக்கிவிட்டு, "சத்தம் வரலீங்க சார்" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புத்தகம் கேட்டார். இந்த வேகத்தில் போகிற வண்டிக்கு ஆர்.சி. தேவையில்லை என்றார் அத்தான். அது சரிதான். ஆனால் அவர் சொன்ன விதத்துக்கு யாரும் உடனே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் வருவார், பார்த்துவிட்டு அனுப்பட்டும், அதுவரை ஓரமாக நிறுத்துங்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"சார், நீங்க பத்திரிகைதானே? போன மாசம் நாங்க புடிச்ச வேனை நீங்கதான் எழுதினீங்க. அட்டையில என்ன போட்டிருந்துதுன்னு வரிக்கு வரி எழுதியிருந்தீங்க. இதை ஏத்துறப்ப பாக்கலியா?"

அக்கா திரும்பினாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"அஞ்சு இருபதுக்கு."

அவள் என்னை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலையில் நான் மணி பார்க்காத ஒரே இடம் அது.

"ஏன்டா சொல்லல?"

அத்தான் முந்திக்கொண்டார். "அவன் எப்படி சொல்லுவான்? நின்னு வேடிக்கை பாக்குறதுதானே அவன் உத்தியோகம்" என்றார். அட்டையை ஒட்டியது அவர்தானே என்றேன். கூட வந்து ஒட்டியிருந்தால் தெரிந்திருக்குமே என்றார். முதல் பயணத்துக் கேபிள் வந்தது. அப்பாவின் வீடு வந்தது. மாடியின் தண்ணீர்க் குழாய் வந்தது. இரண்டு பேரும் குரலை உயர்த்தாமல், சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினோம். கான்ஸ்டபிள் சற்றுத் தள்ளிப் போய் நின்றார். கடைசியில் அத்தான் அக்காவைப் பார்த்து, "போதும். இனிமே கேம்பிங்கும் இல்ல, வெலோவும் இல்ல. ரெண்டையும் வித்துடறேன்" என்றார்.

அக்கா சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்கு நடந்தாள். இருபதடி. தடியை இரண்டு முறை மாற்றிப் பிடித்தாள்.

"இதுல என்னோடதை மட்டும் எடுத்துக்கலாமா சார்?"

"எது உங்களுதும்மா?"

"அடியில கெடக்கறது."

எந்தப் பக்கம் போவீர்கள் என்று கேட்டார். காரைக்கால் பக்கம்தான் என்றாள் அக்கா. அப்படியானால் தன் எல்லைக்குள் வரவே இல்லை, தாராளமாகப் போகட்டும் என்றார். கான்ஸ்டபிள் கறுப்பைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு சிவப்பைக் கீழே இறக்கிக் கொடுத்தார்.

அவள் அதை நிமிர்த்தினாள். நடுக்கீலை விரித்துப் பிடியை அழுத்தினாள். ஹேண்டில் தண்டைத் தூக்கிப் பூட்டினாள். சீட்டை இழுத்து இடுப்பளவு பார்த்து இறுக்கினாள். மடங்கியிருந்த பெடல்களை இறக்கினாள். பிறகு காரின் பின்கதவைத் திறந்து பேட்டரியை எடுத்து வந்து சீட்டுத் தண்டுக்குப் பின்னால் சொருகி, சாவியைத் திருப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. கேபிள் நன்றாக இருந்தது. உதவிக்கு அவள் யாரையும் பார்க்கவில்லை. தடியைக் கேரியரில் கட்டினாள். துணிப் பையை ஹேண்டிலில் மாட்டினாள். தண்ணீர் பாட்டில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

"விழுந்து வைக்கப் போறே. உக்காரு வந்து" என்றார் அத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்றாள் அக்கா.

மணி ஏழு நாற்பது. முதல் பத்தடி சைக்கிள் தள்ளாடியது. எதிரே வந்த நாகூர் பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓரம் ஒதுங்கவில்லை, ஓரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். அப்புறம் சைக்கிள் நேரானது. மதகு வரைக்கும் தெரிந்தாள். முழங்கால்கள் சீராக ஏறி இறங்கின.

இன்ஸ்பெக்டர் ஒன்பதுக்குத்தான் வந்தார். கறுப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். இதற்கு லைசென்ஸ் வேண்டாமா என்று ஆர்வமாக விசாரித்தார். அட்டைகளையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். நாலு நிமிடம். அத்தானும் நானும் கொக்கியைக் கழற்றி டிரெய்லரைத் தள்ளித் திருப்பினோம். அவர் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். மறுபடி மாட்டினோம். கறுப்பை வெறும் தட்டில் வைத்துக் கட்டினோம். அதற்குத் தேவையான வார்த்தைகள் மட்டும் பேசினோம்: தூக்கு, விடு, இழு.

காரைக்கால் வரை அவர் இடதுபக்கம் பார்த்துக்கொண்டு வந்தார், நான் வலதுபக்கம். போலகம் விலக்கில் அவள் இல்லை. திருமலைராயன்பட்டினத்து டீக்கடையில் நிறுத்திக் கேட்டார். சிவப்பு சைக்கிளில் ஒரு அம்மா போனார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள் என்று வாஷிங் மிஷின் கேட்டவர் சொன்னார். சிரித்ததை அவர் சேர்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு ரோட்டைக் காட்டினார். வீடு பூட்டியிருந்தது. சாவி அக்காவிடம் இருந்தது. பத்தேகால் மணியிலிருந்து வாசற்படியில் அவர் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டு அம்மாள் இரண்டு தடவை ஜன்னலுக்கு வந்தார். நடுவில் ஒருமுறை அத்தான் எழுந்துபோய், தன் வெலோவில் தேடிப் பார்க்கலாம் என்று கயிற்றை அவிழ்த்துக் கறுப்பை இறக்கினார். காரின் பின்கதவைத் திறந்து சீட்டில் பார்த்தார். சீட்டுக்கு அடியில் பார்த்தார். டிக்கியில் பார்த்தார். கறுப்பை மறுபடி மடித்து வைத்தார்.

அக்கா நாலு பத்துக்கு வந்தாள். டயரில் ஈர மணல். துணிப் பைக்குள் பேட்டரியோடு ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது, மீன் வாசனை அடித்தது. கருக்களாச்சேரிப் பக்கம் வாங்கியிருக்கலாம், வேறெங்காவதும் இருக்கலாம். எங்கே போனாய் என்று அத்தான் மூன்று முறை கேட்டார். அவள் கதவைத் திறந்து, சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போய், கூடத்தில் இருந்த இரண்டு சார்ஜர்களையும் சுவரில் சொருகினாள்.

இரண்டு பேட்டரியும் தீர்ந்திருந்தன.